ஆர்கெஸ்ட்ரா ஒப்பந்தப் பேச்சுவார்த்தை: கணக்கில் தொடங்கிக் கையெழுத்து வரை

1882ல் பெர்லினில் பெஞ்சமின் பில்ஸே என்பவரின் இசைக்குழு கச்சேரிக்காக வார்சா போக வேண்டியிருந்தது. கலைஞர்களுக்கு ரயிலில் நாலாம் வகுப்பு டிக்கெட் போட்டார் பில்ஸே. சம்பளம் ஏற்கெனவே அற்பம், இப்போது இது வேறா என்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிரிந்துபோய்த் தாங்களே ஒரு குழுவைத் தொடங்கினார்கள். இன்றைய பெர்லின் பில்ஹார்மோனிக் அப்படிப் பிறந்ததுதான்.

பணப் பிரச்சினை எப்போதும் இருந்தது. குழு உடைந்தது நாலாம் வகுப்பு டிக்கெட்டில். இந்தத் தொழிலில் எந்தச் சண்டையை எடுத்தாலும் மேலே சம்பளம் தெரியும். கீழே தோண்டினால் 'இவர்கள் நம்மை என்னவென்று நினைக்கிறார்கள்?', 'இவர்கள் காட்டும் கணக்கை எப்படி நம்புவது?' என்ற இரண்டு கேள்விகள் கிடக்கும்.

இந்த வழிகாட்டி அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களைப் பற்றியது. தொழிலாளர் சட்டம், சங்கம், பல ஆண்டு ஒப்பந்தம், பொதுவில் கிடைக்கும் கணக்கு என்று எல்லாம் எழுத்தில் இருக்கிற இடம் அது. கலைஞர்களின் பேச்சுவார்த்தைக் கமிட்டிக்குப் புதிதாகத் தேர்வான வயலின்காரரையும், நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பாடமா என்றால், ஆமாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பாடத்தையும் படிக்காமல் போகிறவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

முதல் படி: யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு குச்சியோடு நிற்கும் கண்டக்டர்தான் முதலாளி. உண்மையில் சம்பளம் பேசும் மேஜையில் அவருக்கு நாற்காலியே கிடையாது. இசை இயக்குநர் எனப்படும் தலைமைக் கண்டக்டர் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வந்துபோகிறவர். வேறு நாட்டில் இன்னொரு குழுவும் வைத்திருப்பார்.

நிர்வாகப் பக்கத்தில் மேலே இருப்பது போர்டு. ஊரின் வங்கியாளர்கள், வழக்கறிஞர்கள், தொழிலதிபர்கள் சம்பளமில்லாமல் அதில் இருப்பார்கள். சம்பளமில்லை என்பதோடு, பெரும்பாலும் அவர்களே பெரிய நன்கொடையாளர்கள். 'நாங்கள் பணம் கொடுக்கிறோம், எங்களையே திட்டுகிறார்களே' என்ற மனத்தாங்கல் அங்கிருந்து வருகிறது. தலைமை நிர்வாகி போர்டுக்குக் கட்டுப்பட்டவர்.

கலைஞர்கள் பக்கத்தில் சட்டப்படி பேரம் பேசும் உரிமை அமெரிக்க இசைக்கலைஞர்கள் சம்மேளனத்தின் உள்ளூர்க் கிளைக்கு. சம்மேளனம் 1896ல் தொடங்கியது. ஆனால் நீண்ட காலம் சிம்பொனி கலைஞர்களுக்குத் தங்கள் ஒப்பந்தத்தின் மீது ஓட்டுப்போடும் உரிமைகூடப் பல ஊர்களில் இல்லை. கிளைத் தலைவர் கையெழுத்திட்டால் முடிந்தது. அந்தக் கோபத்தில் 1962ல் உருவானதுதான் இக்சாம் என்ற ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களின் கூட்டமைப்பு. இன்று ஒவ்வொரு குழுவும் தன் கமிட்டியைத் தானே தேர்ந்தெடுத்து, தன் வழக்கறிஞரோடு மேஜைக்கு வருகிறது. ஆக, முதலாளியோடு மட்டுமில்லை, சொந்தச் சங்கத்தோடும் சண்டைபோட்டு வாங்கிய இடம் அது.

லண்டன் கதை வேறு. 1904ல் குவீன்ஸ் ஹாலில், தனக்குப் பதில் வேறொருவரை வாசிக்க அனுப்பும் பழக்கத்துக்குத் தடை போட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறி, கலைஞர்களே உரிமையாளர்களாக லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனியை வாசித்த ராயல் பில்ஹார்மோனிக்கும் கலைஞர்களே நடத்தும் வகைதான். அங்கே மாதச் சம்பளம் கிடையாது, வாசித்தால் காசு. கீழே நான் சொல்லும் பாதி விஷயம் அங்கே செல்லாது.

இரண்டாம் படி: பழைய ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மீதிப் பக்கங்களில்தான் வாழ்க்கை இருக்கிறது.

அடிப்படை அலகு 'சர்வீஸ்'. ஒரு ஒத்திகையோ ஒரு கச்சேரியோ, பொதுவாக இரண்டரை மணி நேரம், ஒரு சர்வீஸ். முழுநேரக் குழுக்களில் வாரத்துக்கு எட்டு சர்வீஸ் என்பது வழக்கமான உச்சவரம்பு. நம்மூர் சினிமா இசைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை, எம்.பி.சீனிவாசன் சென்னையில் திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய நாளிலிருந்து கால்ஷீட் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. 'வாரத்துக்கு இருபது மணி நேரம்தானே வேலை?' என்று கேட்கும் போர்டு உறுப்பினர் ஒருவர் எப்போதும் இருப்பார். வீட்டில் தினமும் செய்யும் சாதகம் அந்த இருபதில் சேராது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அந்த இரண்டரை மணி நேரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். காலை 10 மணி ஒத்திகை. 12.27க்கு கண்டக்டர் 'கடைசி எட்டு அளவு (தாளச் சுற்று) மட்டும் இன்னொரு முறை' என்கிறார். கலைஞர்களின் வருகையையும் நேரத்தையும் கவனிக்கும் பெர்சனெல் மேனேஜர் மேடை ஓரத்தில் கடிகாரத்தோடு நிற்கிறார். 12.30 தாண்டினால் மேடையில் உள்ள அத்தனை பேருக்கும் ஓவர்டைம், அதுவும் நிமிடக் கணக்கில் இல்லை, பல ஒப்பந்தங்களில் கால் மணி நேரத் துண்டுகளாக. எட்டு அளவுக்கு ஆசைப்பட்டால் 85 பேருக்குக் கால் மணி நேரக் கூலி. அதனால்தான் அவர் கையைத் தூக்கியதும் சில இடங்களில் இசை பாதியிலேயே நிற்கிறது. கொடுமையாகத் தெரியும். ஆனால் அந்தக் கோடு இல்லாத காலத்தில் ஒத்திகை எப்போது முடியும் என்பது கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்திருந்தது.

சர்வீஸுக்கு அடுத்து டபுளிங்: ஓபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர் அதே நிகழ்ச்சியில் இங்கிலிஷ் ஹார்ன் என்ற இன்னொரு ஊதுகருவியும் எடுத்தால் கூடுதல் தொகை. பிறகு சுற்றுப்பயண விதிகள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பஸ்ஸில் இருக்கலாம், தனி அறை உண்டா, சாப்பாட்டுப் படி எவ்வளவு. நாலாம் வகுப்பு டிக்கெட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பதிவுகள், நேரலை ஒளிபரப்புக்குத் தனி விதிகள்.

கடைசியாக நாற்காலி. ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பிப்பார்கள். முதல் சுற்றுகளில் நடுவர்களுக்கு முன்னால் திரை. காலடிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரியக் கூடாது என்று தரையில் கம்பளம்கூட விரிப்பார்கள். தேர்வானவருக்கு ஓரிரு ஆண்டு தகுதிகாண் காலம், அப்புறம் நிரந்தரம். நிரந்தரமானவரை 'வாசிப்பு சரியில்லை' என்று நீக்க இசை இயக்குநர் முயன்றால், சக கலைஞர்கள் குழு ஒன்று கேட்டு ஓட்டுப்போடும் ஏற்பாடு பல ஒப்பந்தங்களில் உண்டு. இந்தப் பிரிவைத் தொட்டால் முழுக் குழுவும் எழுந்து நிற்கும். புதிய நிர்வாகிகளே, கைவைக்குமுன் யோசியுங்கள்.

மூன்றாம் படி: கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் ஏறக்குறைய எல்லாமே லாபநோக்கற்ற அமைப்புகள். ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குப் படிவம் 990 தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம், இணையத்தில் கிடைக்கும். தலைமை நிர்வாகியின் சம்பளமும், அதிகம் வாங்கும் சில ஊழியர்களின் சம்பளமும் அதிலேயே இருக்கும். கடைசி ஆறேழு ஆண்டுப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு வருடக் கணக்கு எதையும் சொல்லாது.

டிக்கெட் விற்பனை மொத்தச் செலவில் பாதியைக்கூட எட்டாத குழுக்களே அதிகம். மீதி நன்கொடையும், எண்டோமென்ட் எனப்படும் நிரந்தர நிதியிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் ஐந்து சதவீதத்தை ஒட்டிய தொகையும். 'கோடிக்கணக்கில் நிதி வைத்துக்கொண்டு எங்கள் சம்பளத்தை வெட்டுகிறார்கள்' என்று மேடையில் முழங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நிதியின் பெரும்பகுதி நன்கொடையாளர் சொன்ன காரியத்துக்கு மட்டும் செலவிட வேண்டியதாக இருக்கலாம். அதே நேரம் 'அதைத் தொடவே முடியாது' என்று நிர்வாகம் சொன்னால் அதையும் அப்படியே விழுங்காதீர்கள். எவ்வளவு கட்டுப்பட்டது, எவ்வளவு போர்டு தானாக ஒதுக்கிவைத்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு 1966லேயே வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் விடை சொன்னார்கள். தொழிற்சாலையில் எந்திரம் வந்து ஆள் ஒன்றுக்கு உற்பத்தி பெருகும், கூலியும் கூடும். நால்வர் வாசிக்கும் ஒரு குவார்ட்டெட்டை இன்றும் மூன்று பேரை வைத்து வாசிக்க முடியாது, வேகமாகவும் முடிக்க முடியாது. ஆனால் அந்த நால்வரும் இன்றைய வாடகையைத்தான் கட்டுகிறார்கள். இந்த இடைவெளி யாருடைய ஊதாரித்தனமும் இல்லை. நிர்வாகம் இதைக் கலைஞர்கள் மேல் போடுவதும், கலைஞர்கள் நிர்வாகத்தின் மேல் போடுவதும் வீண்.

இப்போது ஒரு கணக்கு. கற்பனை எண்கள்தான், போட்டுப் பழகுங்கள். வாரச் சம்பளம் 2,000 டாலர், 85 கலைஞர்கள், 52 வாரம். மொத்தம் 88,40,000. ஒரு சதவீத உயர்வு என்றால் 88,400. அதன் மேல் நிறுவனம் கட்டும் 7.65 சதவீத வரி, 8 சதவீத ஓய்வூதியப் பங்கு என்று வைத்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இதே குழுவில் ஒரு வாரம் குறைந்தால் மிச்சம் 1,70,000, கிட்டத்தட்ட இரண்டு சதவீதம். காலியான ஒரு நாற்காலியை நிரப்பாமல் விட்டால் 1,04,000. அதாவது ஒரே ஒரு வயோலா இடத்தைச் சத்தமில்லாமல் காலியாக வைப்பதும், மொத்தக் குழுவுக்கும் ஒரு சதவீத உயர்வை மறுப்பதும் ஏறக்குறைய ஒரே தொகை. சம்பளத்தில் தாராளமாகப் பேசும் நிர்வாகம் 'எண்ணிக்கை' பிரிவில் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

நான்காம் படி: காலண்டர்

ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேலுள்ள ஆர்கெஸ்ட்ராக்கள் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வரம்புக்குள் வரும். சட்டப்படி, ஒப்பந்தம் முடிய 60 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் மத்திய, மாநில சமரச அமைப்புகளுக்குத் தகவல். இந்தக் கடிதங்களை விட்டுவிட்டு வேலைநிறுத்தமோ கதவடைப்போ செய்தால் அதுவே சட்டமீறல்.

60 நாள் சட்டத்தின் கணக்கு. வேலையின் கணக்கு ஒரு வருடம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் முடிகின்றன, சீசன் தொடக்கத்துக்கு நேர் முன்னால். இரு தரப்புக்கும் கழுத்தில் கத்தி. 2016 செப்டம்பர் 30 அன்று பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவின் சீசன் தொடக்க விழா. பெரிய நன்கொடையாளர்கள் உடுத்திக்கொண்டு வந்து அரங்கில் உட்கார்ந்தாகிவிட்டது. கலைஞர்கள் மேடைக்கு வரவில்லை, வாசலில் பதாகையோடு நின்றார்கள். இரண்டே நாளில் உடன்பாடு ஆனது. ஆனால் அன்று திரும்பிப்போன நன்கொடையாளரிடம்தான் அடுத்த வருடமும் நிதி கேட்க வேண்டும், அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர்.

ஐந்தாம் படி: மேஜையில்

எதிர்த்தரப்போடு உட்காருமுன் உங்கள் தரப்போடு உட்காருங்கள். கமிட்டி என்றால் ஒவ்வொரு பிரிவிலும் ஆளாளுக்குக் காபி வாங்கிக்கொடுத்துக் கேட்பது. 28 வயது செல்லோக்காரருக்குக் கையில் வரும் சம்பளம் முக்கியம், 61 வயது பாஸூன்காரருக்கு ஓய்வூதியம். இருவரும் ஒரே ஓட்டுச்சீட்டைப் போடப்போகிறார்கள். நிர்வாகம் என்றால் போர்டில் எத்தனை பேர் உண்மையிலேயே ஒரு சீசனை இழக்கத் தயார், எத்தனை பேர் சும்மா தலையாட்டுகிறார்கள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் அமர்வில் பணம் பேசாதீர்கள். நூலகர் எத்தனை நாள் முன்னால் இசைத்தாள்களைத் தர வேண்டும், திறந்தவெளிக் கச்சேரியில் எந்த வெப்பநிலையில் வாசிப்பை நிறுத்தலாம் மாதிரியான விஷயங்களை முடியுங்கள். நாலு உடன்பாடுகள் கையில் இருந்தால் ஐந்தாவது வரும்.

அப்புறம் ஒரு சொல். தமிழில் இதை அழகாகப் பிரித்துவிடலாம்: 'முடியாது' வேறு, 'மாட்டோம்' வேறு. 1956ல் ட்ரூயிட் என்ற உற்பத்தி நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான். கேட்ட உயர்வைத் தர 'எங்களால் முடியாது' என்று நிர்வாகம் சொன்னால், அதற்கு ஆதாரமான கணக்கைக் காட்ட மறுப்பது நல்லெண்ணத்தோடு பேரம் பேச மறுப்பதாகக் கருதப்படலாம். 'தர மாட்டோம், இதற்கு மேல் விருப்பமில்லை' என்றால் அந்தக் கட்டாயம் அப்படி வராது. அனுபவப்பட்ட நிர்வாக வழக்கறிஞர் வாயில் 'முடியாது' என்ற சொல்லே வராது என்பதைக் கவனிப்பீர்கள். கமிட்டியில் ஒருவர் இதற்கென்றே குறிப்பெடுக்கட்டும்: யார், எந்தத் தேதியில், எந்தச் சொல்லைச் சொன்னார். என்னைக் கேட்டால், கமிட்டி கேட்குமுன்பே நிர்வாகம் கணக்கைக் காட்டிவிடுவதுதான் மலிவு.

ஆறாம் படி: முறிந்தால்

ஒப்பந்தம் முடிந்தும் உடன்பாடு இல்லை. மூன்று வழி. பழைய நிபந்தனைகளிலேயே வாசித்துக்கொண்டு பேசலாம். கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம். நிர்வாகம் கதவடைப்பு செய்யலாம். கடைசி இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரியும், வீட்டுச் செலவில் ஒன்றல்ல: கதவடைக்கப்பட்டவருக்கு வேலையின்மைப் படி கிடைக்கும் மாநிலங்கள் பல, வேலைநிறுத்தம் செய்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

2012ல் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நிர்வாகம் கேட்டது, சராசரிச் சம்பளம் 1,35,000 டாலரிலிருந்து 89,000க்கு இறங்க வேண்டும். அதோடு வேலை விதிகளில் எக்கச்சக்கத் திருத்தங்கள். அந்த ஆண்டுப் பற்றாக்குறை 60 லட்சம் டாலர் என்றார்கள். அதே நேரத்தில் அரங்கத்தைப் புதுப்பிக்கச் சுமார் 5 கோடி டாலர் வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்கு வந்த பணம் கட்டடத்துக்கு என்று தந்த பணம், சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. நிர்வாகம் சொன்னது சரிதான். ஆனால் வாசலில் கிரேன் நிற்கும்போது 'காசில்லை' என்றால் யார் நம்புவார்? கலைஞர்கள் சுயேச்சையான நிதி ஆய்வு கேட்டார்கள். எதிர் முன்மொழிவு எதுவும் வைக்கவில்லை. என் கருத்தில் அது அவர்கள் பக்கத் தவறு. ஊர்க்காரர்கள் கண்ணுக்கு 'பேசவே மறுக்கிறார்கள்' என்று பட்டது. அக்டோபர் 1 அன்று கதவு பூட்டப்பட்டது.

பூட்டிய சில வாரங்களில் போர்டின் பழைய கூட்டக் குறிப்புகள் உள்ளூர் நாளிதழில் வந்தன. 2009, 2010ல் கணக்கைச் சமமாகக் காட்டுவது மாநில அரசிடம் கட்டட நிதி கேட்க உதவும், பிறகு பற்றாக்குறையைக் காட்டுவது சம்பளத்தைத் திருத்த உதவும் என்ற பேச்சு அதில் இருந்தது. அதற்குப் பிறகு எந்த எண்ணைச் சொன்னாலும் எடுபடவில்லை. கலைஞர்கள் தாங்களே அரங்கம் பிடித்துக் கச்சேரி நடத்தினார்கள். பலர் வேறு ஊர்களில் வேலை தேடிப்போனார்கள். முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் சமரசம் செய்தும் பலிக்கவில்லை. 2013 அக்டோபரில் இசை இயக்குநர் ஓஸ்மோ வான்ஸ்கா ராஜினாமா செய்தார். 2014 ஜனவரியில், பதினைந்து மாதத்துக்கு மேல் கழித்து, 15 சதவீத வெட்டோடு உடன்பாடு ஆனது. கேட்டதில் பாதிகூட இல்லை. அதே மாதம், சிபேலியஸ் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனிகளை அவர்கள் வாசித்த பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. வான்ஸ்கா அந்த வசந்த காலத்தில் திரும்ப வந்தார்.

எல்லாக் கதையும் இப்படித் திரும்பி வருவதில்லை. 2021ல் சான் அன்டோனியோ சிம்பொனியில் 72 முழுநேர இடங்களை 42 ஆக்கி, மீதியைப் பகுதிநேரமாக மாற்றக் கேட்டார்கள். கலைஞர்கள் செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 2022 ஜூனில் போர்டு அமைப்பையே கலைத்துவிட்டது. எதிர்க்க ஆளில்லாத வேலைநிறுத்தம் அது கடைசியில். சேமிப்பும் நிரந்தர நிதியும் மெலிந்த குழுவில் 'ஒரு சீசன் போனால் போகட்டும்' என்று இருவரில் யாரும் சொல்லக் கூடாது.

இசை இயக்குநர் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலானவர்கள் வாய் திறப்பதில்லை. 2019ல் சிகாகோ சிம்பொனியில் ஓய்வூதிய முறையை மாற்றும் பிரச்சினையில் ஏழு வார வேலைநிறுத்தம் நடந்தபோது, ரிக்கார்டோ முட்டி வெளிப்படையாகக் கலைஞர்களோடு நின்றார். கடைசியில் நகர மேயர் இடையில் வந்துதான் முடிந்தது. ஓய்வூதிய முறை மாறியது. கண்டக்டர் ஆதரவு தெம்பு கொடுக்கும், கணக்கை மாற்றாது.

ஏழாம் படி: கையெழுத்துக்குப் பிறகு

உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்திட்ட அன்று இரவே கொண்டாடாதீர்கள். கலைஞர்கள் எல்லோரும் ஓட்டுப்போட்டு ஏற்க வேண்டும், போர்டும் ஏற்க வேண்டும். அதற்குள் முழு ஒப்பந்த வாசகத்தையும் எழுதி முடிக்கப் பாருங்கள். குறிப்பை வைத்தே ஒரு வருடம் ஓட்டிவிட்டு, பிறகு 'நாம் அன்று பேசியது இதுவா?' என்று முறைத்துக்கொண்ட குழுக்கள் உண்டு.

டெட்ராய்ட் சிம்பொனி 2010 அக்டோபரிலிருந்து 2011 ஏப்ரல் வரை வேலைநிறுத்தத்தில் இருந்தது. 1,04,650 டாலராக இருந்த அடிப்படைச் சம்பளம் 79,000ஐ ஒட்டி இறங்கியது. முன்னணிக் கலைஞர்கள் பலர் போய்விட்டார்கள். திரும்ப வந்த முதல் மாதத்திலேயே கச்சேரிகளை இணையத்தில் இலவசமாக நேரலை செய்யத் தொடங்கினார்கள், அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய் வாசித்தார்கள். அடுத்த ஒப்பந்தம், பழையது முடியப் பல மாதம் இருக்கும்போதே, 2014 ஜனவரியில் கையெழுத்தானது. மினசோட்டாவில் உடன்பாடு ஆனதும் அதே மாதம்.

மினசோட்டாவின் முதல் கச்சேரி பிப்ரவரி முதல் வாரம். அரங்கம் அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. மேடையேறியவர் தொண்ணூறு வயது ஸ்டானிஸ்லாவ் ஸ்க்ரோவசெவ்ஸ்கி, 1974ல் அந்த அரங்கத்தைக் கட்டவைக்கப் பாடுபட்ட பழைய இசை இயக்குநர். 2012 அக்டோபரில், கதவு பூட்டிய அதே மாதம், வெளி அரங்கில் கலைஞர்கள் நடத்திய முதல் கச்சேரிக்குக் குச்சி பிடித்தவரும் அவர்தான்.